வாயில் திறந்தால் போதுமா?

நிலத்தோடும் நீரோடும் வழிவழியாகப் பழகிய மக்களிடம் ஏட்டில் ஏறாத அறிவு மிகுதியாக உண்டு. புதிய தொழில்நுட்பம் அவர்களது ஊரை நாடி வரும்போது, அவர்தம் பிள்ளைகளுக்கு அதில் கிடைக்கும் இடம் யாது? அவர்களைப் பயிற்சிக்கு ஏற்கும் நிறுவனங்களின் கடமை யாது? இவ்வினாக்களுக்கு விடை தேடுகிறது இக்கட்டுரை.

உடன்குடியின் புதிய அண்டை

தூத்துக்குடி மாவட்டத்தின் தென்பகுதியில், தேரி மணலும் பனங்காடும் சூழ அமைந்த ஊர் உடன்குடி. இவ்வூர்க் கருப்பட்டி புவிசார் குறியீடு பெற்ற சிறப்புடையது. பாளையை எப்போது சீவுவது, பதநீர் புளிக்காதிருக்கக் கலயத்தில் எவ்வளவு சுண்ணாம்பு தடவுவது, பாகு எந்தப் பதத்தில் அடுப்பைவிட்டு இறங்க வேண்டும் என்பன பனைத் தொழிலாளரின் கண்ணும் கையும் அறிந்த கணக்குகள். இவ்வூரை அடுத்த கடற்கரையில் வாழும் மீனவரோ வாடை, கொண்டல், கச்சான் எனக் காற்றுக்குப் பெயரிட்டு, அதன் போக்கறிந்து கடலோடுபவர்.

இக்கரையில் இன்று இரு பெருந்தொழில்கள் இடம்பிடித்துள்ளன. ஒன்று, தலா 660 மெகாவாட் திறனுள்ள இரண்டு அலகுகளைக் கொண்ட உடன்குடி அனல்மின் திட்டம். மற்றொன்று, 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்ட குலசேகரன்பட்டினம் ஏவுதளம். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவ வட்டப்பாதைக்குச் செல்லும் ஏவுகலம் இலங்கையைத் தவிர்க்க வளைந்து செல்ல வேண்டியுள்ளது. அதனால் எரிபொருள் கூடுதலாகச் செலவாகிறது. குலசேகரன்பட்டினத்திலிருந்தோ நேராகத் தெற்கு நோக்கிக் கடல்மேல் பறக்கலாம். சிறிய செயற்கைக்கோள்களை ஏவுவதற்கு இவ்விடம் தேர்ந்தெடுக்கப்பட்டதற்கு இதுவே முதன்மைக் காரணம்.

நில அமைப்பின் நன்மையை அறிவியல் கண்டுகொண்டது. அந்நிலத்து மக்களின் ஆற்றலையும் அது கண்டுகொள்ளுமா என்பதே இப்போது எழும் வினா.

முத்துக்குளித்துறை தரும் பாடம்

இவ்வினா இக்கரைக்குப் புதிதன்று. மன்னார் வளைகுடாவின் முத்துப்பார்கள் உலகப் புகழ் பெற்றவை. பார் இருக்குமிடத்தை அறிந்தவரும், மூச்சடக்கிக் கடலின் அடித்தளம்வரை சென்று சிப்பி அரித்தவரும் இக்கரையின் மக்களே. எனினும் முத்துக்குளிப்பின் உரிமை போர்ச்சுகீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் எனக் கைமாறியது. ஆங்கிலேயர் காலத்தில் எடுத்த சிப்பிகளில் மூன்றில் ஒரு பங்கே மூழ்கியவருக்குக் கிடைத்தது. எஞ்சியது அரசுக்குச் சென்றது. அறிவும் உழைப்பும் உயிரிடரும் ஒருவருக்கு, பெரும்பயன் மற்றொருவருக்கு.

1973ஆம் ஆண்டு தூத்துக்குடியில், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவியலாளர்கள் முத்துச்சிப்பியில் செயற்கை முறையில் முத்து விளைவித்தனர். கடலின் அடியிலிருந்த செல்வம் அன்று ஆய்வுக்கூடத்துக்குள் வந்தது. இவ்வாறு தொழில் மாறும்போதெல்லாம், பழைய தொழிலை அறிந்தவரின் மக்கள் புதிய தொழிலுக்குள் நுழைய வழி வகுக்கப்படல் வேண்டும். வகுக்கப்படாவிடில், தம் ஊரில் நடக்கும் வேலையைத் தாமே வேலிக்கு வெளியில் நின்று பார்ப்பவராக அவர்கள் ஆகிவிடுவர்.

சட்டம் திறந்த வாயில்

அவ்வழிகளுள் ஒன்று பயிற்சி. 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம், நிறுவனங்கள் இளைஞரைப் பயிற்சிக்கு ஏற்று உதவித்தொகை வழங்க வகை செய்கிறது. முப்பது பேருக்குக் குறையாமல் பணிபுரியும் நிறுவனம், தன் பணியாளர் எண்ணிக்கையில் 2.5 முதல் 15 விழுக்காடு வரை தொழிற்பழகுநரை ஏற்க வேண்டும் என்பது விதி. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் இதில் இடஒதுக்கீடு உண்டு.

தமிழ்நாட்டில் 37 சமூகங்கள் பட்டியல் பழங்குடியினராக அறிவிக்கப்பட்டுள்ளன. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, மாநில மக்கள்தொகையில் அவர்கள் ஏறத்தாழ ஒரு விழுக்காட்டினர். கடற்கரை மீனவரும் பனைத் தொழிலாளரும் அப்பட்டியலில் அடங்கார். பழங்குடியினருக்குச் சட்டம் வழங்கும் தனியுரிமை அவர்களுக்குரியதே. ஆயினும், வழிவந்த அறிவுடையோர் புதிய பணிக்களத்தில் கால்வைக்கும்போது எதிர்கொள்ளும் தயக்கம் இவர்கள் யாவர்க்கும் பொது.

சட்டம் வாயிலைத் திறக்கிறது. உள்ளே நுழைந்தவர் நிலைபெறுவதும் மனமொடிந்து திரும்புவதும் ஏற்கும் நிறுவனத்தின் கையில் உள்ளன.

அறிவை மதித்த களங்கள்

செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம் இதற்கு நல்ல சான்று. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பின் பாம்புத்தோல் வணிகம் நின்றது. இருளரின் வாழ்வாதாரமும் சரிந்தது. அவர்களது திறனை அழியவிடாமல் 1978இல் தொடங்கப்பட்ட இச்சங்கம் அதனை மருத்துவத்தின் பக்கம் திருப்பியது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகியவற்றைப் பிடித்து, நஞ்சை எடுத்தபின் அவற்றை மீண்டும் காட்டில் விடுகின்றனர். அந்நஞ்சு பாம்புக்கடிக்கான மருந்து தயாரிக்கப் பயன்படுகிறது. இருளர்களான மாசி சடையன், வடிவேல் கோபால் ஆகியோர் 2017இல் அமெரிக்காவின் புளோரிடாவுக்கு அழைக்கப்பட்டு, அங்குப் பெருகிவிட்ட மலைப்பாம்புகளைப் பிடிக்க உதவினர். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. இங்கு அறிவியலாளர் இருளருக்குக் கற்பித்தனர். இருளரிடம் கற்கவும் செய்தனர்.

பொதிகை மலையின் காணி மக்கள் மற்றொரு சான்று. 1987இல் கேரளப் பகுதியில் ஆய்வுக்குச் சென்ற அறிவியலாளர்கள், வழிகாட்டிய காணியினர் சிறு பழங்களை உண்டு களைப்பின்றி நடப்பதைக் கண்டனர். ஆரோக்கியப்பச்சை என்னும் அச்செடியிலிருந்து ‘ஜீவனி’ என்ற மருந்து உருவாயிற்று. அதன் உரிமத் தொகையிலும் விற்பனைப் பங்கிலும் பாதியைக் காணி மக்களுக்கு அளிக்க ஆய்வு நிறுவனம் முடிவு செய்தது. அதனைப் பெறுவதற்கு 1997இல் அறக்கட்டளை ஒன்று அமைந்தது. அறிவைப் பெற்றவர் அதற்குரிய பங்கைத் தர வேண்டும் என்னும் நெறிக்கு இது உலகம் சுட்டும் முன்மாதிரி.

ஏற்போர் கடன்

இவற்றிலிருந்து தொழில்நுட்ப நிறுவனங்கள் கற்கத்தக்கவை பல. பயிற்சிக்கு வந்த இளைஞரிடம் கோப்புகளை அடுக்கும் வேலையைக் கொடுத்து, நிழற்படம் ஒன்று எடுத்து அனுப்பிவிடுவது பயிற்சி ஆகாது. நிரல் எழுதுதல், தரவுகளை ஆராய்தல், உணரிகளைப் பழுதுபார்த்தல் என முடித்துக் காட்டத்தக்க ஒரு பணியை அவரிடம் ஒப்படைத்தல் வேண்டும். ஐயம் கேட்பதற்கென மூத்த பணியாளர் ஒருவர் பொறுப்பேற்றல் வேண்டும்.

ஒரு குடும்பத்தில் உழைக்கும் கை ஒன்று பயிற்சிக்குச் சென்றால், அன்றாட வருமானம் குறையும். ஆகவே உதவித்தொகை காலந்தவறாது சேர்தல் இன்றியமையாதது. நேர்காணலைத் தமிழில் நடத்தினால் ஆங்கில அச்சத்தால் மறையும் திறமை வெளிப்படும். ஓர் ஊரிலிருந்து ஒருவரை மட்டும் அழைக்காமல் இருவர் மூவராக அழைத்தால், தனிமையால் இடையில் விலகுவது குறையும். ஆஸ்திரேலியாவில் 2009இல் தொடங்கப்பட்ட ‘கேரியர் டிராக்கர்ஸ்’ அமைப்பு, அந்நாட்டுத் தொல்குடி மாணவருக்கு ஊதியத்துடன் கூடிய பயிற்சியைப் பெற்றுத் தருகிறது. ஒரே மாணவர் ஆண்டுதோறும் விடுமுறையில் அதே நிறுவனத்திற்குத் திரும்பி வந்து, பட்டம் பெறும்வரை பழகுவதே அதன் முறை. ஒரு மாதத்தில் அறிய இயலாத பணிக்களத்தைச் சில ஆண்டுகளில் அவர் தமதாக்கிக் கொள்கிறார்.

தடையும் விடையும்

‘நிறுவனத்தின் நோக்கம் உற்பத்தி, திறமையே அளவுகோல், இச்சலுகைகள் எதற்கு?’ என்று சிலர் வினவலாம். திறமையே அளவுகோலாகட்டும். ஆனால், அதனை வெளிக்காட்டும் வாய்ப்பு யாவர்க்கும் ஒத்திருந்தால்தான் அவ்வளவுகோல் நேர்மையானது. கணினியை வீட்டிலேயே பழகிய மாணவரையும், கல்லூரியில் முதன்முதலாகத் தொட்ட மாணவரையும் முதல் வாரத்திலேயே ஒப்பிட்டால், அளக்கப்படுவது வீட்டின் வசதியே.

மேலும், கடற்கரையில் நிறுவப்படும் கருவி உப்புக்காற்றில் எவ்வாறு கெடும், எந்தப் பருவத்தில் கடல் சீறும் என்பதை அறிந்த ஓர் இளைஞர் பொறியியலும் கற்றிருந்தால், அவரால் நிறுவனமே பயன்பெறும். வெளியூராரை விலக்குவது இதன் கருத்தன்று. உள்ளூராரை விலக்காதிருப்பதே கருத்து.

குலசேகரன்பட்டினத்திலிருந்து ஏவுகலங்கள் விண்ணில் எழும் நாளில் உடன்குடி மக்கள் மணல்மேட்டில் நின்று அவற்றைக் கண்டு மகிழ்வர். அப்போது கட்டுப்பாட்டு அறையின் திரைமுன் பனையேறியின் மகளும் மீனவரின் மகனும் அமர்ந்திருத்தல் வேண்டும். அதற்கான பயிற்சி, அவர்கள் பள்ளியில் பயிலும் இன்றே தொடங்கப்பட வேண்டும்.