பிள்ளையின் தோலுக்கு முதலில் வேண்டியது தண்ணீர்

டவுன் பார்மசிகளில் இப்போது பச்சை இலைப் படம் போட்ட டப்பாக்கள் நிறைந்து கிடக்கின்றன. 'இயற்கை', 'மூலிகை', 'தாய்க்கும் சேய்க்கும் மென்மையானது' என்று எழுதியிருக்கிறார்கள். வயிற்றுத் தழும்புக்கு ஒரு கிறீம், பிள்ளையின் உடம்புக்கு ஒரு லோஷன், தலைக்கு ஒரு எண்ணெய், போதாததற்குப் பவுடர். 2024இல் நாட்சம்பளம் 1,350 ரூபாய் என்று வர்த்தமானியில் வந்ததே, அதில் பாதி ஒரு டப்பாவோடு போய்விடும். முதல் பிள்ளை பெற்ற நம் பெண்கள் ஆசையோடு வாங்குகிறார்கள். அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் காசில் பெரும்பகுதி வீண் என்பது என் கருத்து. பிள்ளையின் தோலுக்கு உண்மையில் தேவையானது கடையில் கிடைப்பதில்லை. அதைத் தோட்ட நிர்வாகத்திடம்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

பிறந்த பிள்ளையின் தோல் நம் தோலை விட மெல்லியது. எதைப் பூசினாலும் சுலபமாக உள்ளே இழுத்துக்கொள்ளும். பிறக்கும்போது மேலே படிந்திருக்கும் வெள்ளை மாவு போன்ற படலம் அழுக்கல்ல, தோலுக்கான காப்பு. அதைத் தேய்த்து எடுக்க வேண்டாம். ஒரு நாள் கழித்துக் குளிப்பாட்டினால் போதும். தினமும் சவர்க்காரம் போட வேண்டியதும் இல்லை. குளிர் மலையில் தோல் வறண்டால் வீட்டிலிருக்கும் நல்ல தேங்காய் எண்ணெயை இலேசாகத் தடவலாம். பவுடர் வேண்டாம், அந்தத் தூள் பிள்ளையின் நெஞ்சுக்குள் போகும்.

எண்ணெய் விஷயத்தில் நம் பாட்டிமார் சொன்னது சரியாகவே இருக்கிறது. எல்லாவற்றிலும் அப்படி இல்லை. தொப்புள்கொடியில் மஞ்சளோ சாம்பலோ வைக்கக் கூடாது, அது காய்ந்து தானாக விழ வேண்டும். சாம்பிராணிப் புகை மூடிய லயத்துக் காம்பிராவுக்குள் பிள்ளையின் மூச்சைக் கெடுக்கும். கண்ணுக்கு மை தீட்டினால், சில மைகளில் ஈயம் இருக்கிறது. வசம்பைச் சுட்டு நாக்கில் தடவுவதையும் விட்டுவிடலாம். பாட்டியோடு சண்டை போடாமல், மிட்வைப் மிஸ் வீட்டுக்கு வரும்போது அவர் வாயாலேயே சொல்லச் சொன்னால் கேட்பார்கள்.

'இயற்கை' என்ற சொல்லைப் பார்த்ததும் பயமில்லை என்று நினைப்பதுதான் பெரிய ஆபத்து. கற்பூரமும் இயற்கைதான். சளி என்று கற்பூரம் கலந்த தைலத்தைக் கைக்குழந்தையின் நெஞ்சிலும் மூக்கிலும் பூசினால் மூச்சுத் திணறலும் வலிப்பும் கூட வரலாம். அதை விட மோசமானது வெள்ளையாக்கும் கிறீம். பல நாடுகளில் இந்தக் கிறீம்களைச் சோதித்தபோது சிலவற்றில் பாதரசம் இருந்தது. கல்யாண வீட்டுக்குப் போக இரண்டு வாரம் பூசினேன் என்று சொல்லும் கர்ப்பிணித் தங்கைகள் நம்மிடையே இருக்கிறார்கள். பாதரசம் தாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும், வயிற்றுப் பிள்ளைக்கும் போகும். பிள்ளை பிறந்த பிறகும் கிறீம் பூசிய கையாலும் தலையணை உறையாலும் அதனிடம் போய்ச் சேரும். கறுப்பு நிறம் ஒரு குறை என்று நமக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள்தான் அந்த டப்பாவை விற்கிறார்கள்! வயிற்றுத் தழும்பை எந்தக் கிறீமும் வராமல் தடுப்பதில்லை. காலப்போக்கில் மங்கும், அவ்வளவுதான்.

ஒன்றை மட்டும் தோல் விஷயம் என்று விட்டுவிடாதீர்கள். கடைசி மாதங்களில் கொப்புளம் எதுவும் இல்லாமல் உள்ளங்கையும் உள்ளங்காலும் அரித்தால், இரவில் கூடினால், அது ஈரல் கோளாறாக இருக்கலாம். வயிற்றுப் பிள்ளைக்கு ஆபத்து. எண்ணெய் தேய்த்துக்கொண்டு காத்திருக்காமல் உடனே கிளினிக்குக்குப் போங்கள்.

இனி மலைக்கு வருவோம். புல்லுக்கு மருந்தடித்த மலையில் கொழுந்து பறித்த கை, இடுப்பில் கட்டிய படங்கு, நனைந்த சட்டை. இவற்றோடுதான் தாய் பகலில் ஓடி வந்து பிள்ளைக் காம்பிராவில் பால் கொடுக்கிறாள். பிள்ளையின் கன்னம் அந்தச் சட்டையில்தான் சாய்கிறது. எத்தனை ரூபாய் லோஷன் பூசினாலும் இதற்கு மருந்தாகாது. மருந்தடிக்கும் தம்பிமாருக்கும் சொல்கிறேன்: வேலை உடுப்போடு பிள்ளையைத் தூக்காதீர்கள். அந்த உடுப்பைப் பிள்ளையின் துணியோடு சேர்த்துத் துவைக்கவும் கூடாது. மருந்து வந்த வெற்றுக் கேனில் குளிக்கிற தண்ணீர் பிடிக்கும் பழக்கம் இன்னும் சில லயங்களில் இருக்கிறது. எத்தனை தரம் கழுவினாலும் அது மருந்துக் கேன்தான்.

ஆனால் கை கழுவு என்று தாய்க்குப் புத்தி சொல்வது சுலபம். எங்கே கழுவுவாள்? பிள்ளைக் காம்பிராவில் குழாய் இருந்தால் தண்ணீர் வராது, தண்ணீர் வந்தால் சவர்க்காரம் இருக்காது. ஓடிப்போய்ப் பால் கொடுத்துவிட்டு நிறை குறையாமல் திரும்ப வேண்டும் என்ற அவசரத்தில் கழுவ நேரமும் இல்லை. சட்டத்தில் நேரம் இருக்கிறது. ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பால் கொடுக்க நாளுக்கு இரண்டு இடைவேளை, பிள்ளைக் காம்பிரா உள்ள இடத்தில் ஒவ்வொன்றும் அரை மணி நேரம், என்று மகப்பேற்று நன்மைகள் சட்டம் சொல்கிறது. கர்ப்பிணிக்குத் தீங்கான வேலை கொடுக்கக் கூடாது என்பதும் அதே சட்டத்தில்தான். 2018இல் எல்லாப் பிரசவத்துக்கும் 84 நாள் லீவு என்று திருத்தியபோது அதைப் பேசினோம். இந்த அரை மணி நேரத்தை எத்தனை கமிட்டியில் பேசினோம்?

சொறி சிரங்கும் அப்படித்தான். பத்துக்குப் பன்னிரண்டடிக் காம்பிராவில் ஏழு பேர் ஒரே பாயில் படுத்தால் ஒருவரிடமிருந்து எல்லோருக்கும் பரவும். பிள்ளைக்கு மட்டும் வேப்பிலைத் தண்ணீர் ஊற்றிப் பயனில்லை. டாக்டர் தரும் மருந்தை வீட்டிலுள்ள எல்லோரும் ஒரே நாளில் பூச வேண்டும், பாயையும் துணியையும் சுடுதண்ணீரில் அலச வேண்டும். அதற்கும் தண்ணீர் வேண்டும். வீட்டுப் போராட்டத்தையும் தண்ணீர்ப் போராட்டத்தையும் பிள்ளையின் தோலிலிருந்து பிரிக்க முடியாது.

மாதர் அணிச் சகோதரிகள் அடுத்த தோட்டக் கமிட்டிக்கு முன் தங்கள் பிள்ளைக் காம்பிராவை ஒருமுறை பார்த்து வாருங்கள். குழாயில் தண்ணீர் வருகிறதா, சவர்க்காரம் இருக்கிறதா, மாற்றிக்கொள்ள ஒரு சுத்தமான துணியும் படங்கை கழற்றி மாட்ட ஓர் ஆணியும் இருக்கிறதா, பால் கொடுக்கும் நேரத்துக்குக் கணக்கப்பிள்ளை பெயரில் வெட்டுகிறாரா என்று எழுதிக்கொண்டு வாருங்கள். துரையிடம் பேசும்போது அந்தத் தாள் கையில் இருக்க வேண்டும்.