சரக்கு மாறிய பிறகு

போதைப் பொருளை ஒழிக்க வேண்டும் என்பதில் யாருக்கும் மாறுபட்ட கருத்து இல்லை. எந்தப் பொருளை ஒழிப்பது என்பதில்தான் சிக்கல். நேற்றுப் பிடிபட்ட சரக்கு இன்று சந்தையில் இருப்பதில்லையே!

கனடாவின் மேற்குக் கரையிலுள்ள வான்கூவர் நகரத்தைப் பாருங்கள். அங்கே ஹேஸ்டிங்ஸ் தெருவில் 2003 செப்டம்பரில் 'இன்சைட்' என்னும் நிலையம் திறக்கப்பட்டது. அடிமைப்பட்டோர் தாம் கொண்டுவரும் ஹெராயினைத் தூய ஊசியால், செவிலியர் கண்முன்னே போட்டுக்கொள்ளலாம். மூச்சு அடங்கினால் உடனே காப்பாற்றுவர். கேட்கவே கசக்கிறதல்லவா? நடுவண் அரசுக்கும் கசந்தது, மூட முனைந்தது. 2011-இல் கனடா உச்ச நீதிமன்றம், நிலையம் தொடரவேண்டும் என ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அளவு மீறி மயங்கியோர் அங்கே பலர், இறந்தவர் எவருமில்லை.

பின்னர் சந்தை மாறிற்று. ஹெராயினுக்குக் கசகசாச் செடி வேண்டும், நிலம் வேண்டும், பருவம் வேண்டும். ஃபென்டனில் என்னும் செயற்கை மருந்துக்கு ஓர் ஆய்வுக்கூடம் போதும். வீரியம் ஹெராயினைப் போல் ஏறத்தாழ 50 மடங்கு. அஞ்சல் உறைக்குள் அடங்கிவிடும். எல்லையில் காவல் கடுமையாகும்போது கடத்துவோன் எதைத் தேர்வான்? சிறியதும் வீரியமிக்கதுமான சரக்கைத்தானே! வாங்குவோனுக்கோ பொட்டலத்தில் இருப்பது என்ன, எவ்வளவு என்பதே தெரியாது. 2024 ஜூனில் நம் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்துக்கு 60-க்கும் மேற்பட்டோர் பலியானார்களே, அவர்களுக்கும் தெரியாதுதான்.

வான்கூவர் அடங்கிய பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் 2016 ஏப்ரலில் பொதுச் சுகாதார நெருக்கடியை அறிவித்தது. ஆயினும் 2023-இல் மட்டும் அங்கே 2,500-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். இன்சைட் இருந்துமா? இருந்தும்தான். அது ஊசி போடுவோருக்கென அமைந்த இடம்; பிற்காலத்தில் மாண்டவர்களில் மிகுதியானோர் புகைத்தவர்கள். உயிர் மீட்கும் நலாக்சோன் மருந்தும் அபினி வகைக்கே மாற்று. ஃபென்டனிலோடு பென்சோடயசிபைன் என்னும் தூக்க மருந்துகளையும் கலந்து விற்கத் தொடங்கியபின் அந்த மருந்து மட்டும் போதவில்லை.

"பார்த்தீர்களா, இடங்கொடுத்ததன் பலனை!" என்பாரும் உளர். நான் அதற்கு உடன்படேன். சாவு நிலையத்துக்குள் நிகழவில்லை. பெரும்பாலும் வீடுகளிலும் விடுதி அறைகளிலும், பக்கத்தில் ஆளின்றி நிகழ்ந்தது. என் குறை வேறு. விற்பவன் சரக்கை நினைத்தபோது மாற்றிக்கொள்கிறான். அரசோ 2003-இல் திறந்த ஒரு நிலையத்துக்காக 2011 வரை வழக்காடிக்கொண்டிருந்தது!

கொண்டுவரும் தூளைச் சோதித்து, இதில் இன்னது கலந்துள்ளது என்று அடிமைப்பட்டோருக்கே சொல்லும் கூடங்கள் அம்மாகாணத்தில் இயங்குகின்றன. அவற்றைப் பெருக்கட்டும், புகைப்போருக்கும் செவிலியர் உள்ள இடம் திறக்கட்டும். காவலரின் வேட்டை அதன் பக்கத்திலேயே நடந்துகொண்டிருக்கட்டும், யார் வேண்டாமென்றது?