வாசற்படிக்கு அடியில் கிடைத்த சாட்சி

பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் செய்வினை பற்றிப் பேச்செடுத்தால் படித்தவர்கள் ஒரு பதிலைத் தயாராக வைத்திருக்கிறார்கள். "அது அவங்கவங்க நம்பிக்கை சார். ஒரு எலுமிச்சம்பழம், ஒரு தாயத்து. இதுல யாருக்கு என்ன நஷ்டம்?" ஆசிரியர் சொல்கிறார், வங்கி அதிகாரி சொல்கிறார், சிமென்ட் ஆலைப் பொறியாளர் சொல்கிறார். செய்வினையை மனதார நம்புகிறவரைக்கூட என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. தீராத வயிற்றுவலிக்காரரும், ஏஜென்ட்டிடம் பணம் கொடுத்து ஏமாந்த பையனின் அம்மாவும் எதையாவது பற்றிக்கொள்ளத்தான் செய்வார்கள். தானும் நம்பாமல், அடுத்தவர் நம்புவதற்கு வக்காலத்தும் வாங்கும் இந்த 'என்ன நஷ்டம்' ஆசாமிகளோடுதான் எனக்கு வழக்கு.

நஷ்டம் யாருக்கு என்று சொல்கிறேன். சாமி கும்பிடுவதற்கு இன்னொருவர் மேல் பழி போட வேண்டியதில்லை. செய்வினைக்கோ வைத்தவர் என்று ஓர் ஆள் இருந்தே தீரவேண்டும். மந்திரவாதி பெயரைச் சொல்ல மாட்டான். அவ்வளவு விவரம் தெரியாதவனா? "உங்க வீட்டுக்குக் கிழக்கால, ரத்த சம்பந்தம், ஒரு பொம்பள" என்பதோடு நிறுத்திக்கொள்வான். மிச்சத்தை வீட்டார் நிரப்பிக்கொள்வார்கள். பங்காளி வீட்டில் கணவனை இழந்த சித்தி ஒருத்தி இருப்பாள், பாகப்பிரிவினையில் அரைக் காணியை விட்டுக்கொடுக்காதவள். அல்லது பிள்ளையில்லாத பெரியம்மா. மறுநாளிலிருந்து அவளை நல்லது கெட்டதுக்கு அழைப்பது நின்றுபோகும். தீபாவளிக்கு அவள் கொடுத்தனுப்பிய அதிரசம் குப்பைமேட்டுக்குப் போகும். அவள் வருகிற சத்தம் கேட்டாலே மருமகள் கைக்குழந்தையை உள்ளே தூக்கிக்கொண்டு போய்விடுவாள். ஏன் என்று அவளிடம் ஒருவரும் சொல்ல மாட்டார்கள். குற்றச்சாட்டே இன்னதென்று தெரியாதவள் எந்தக் கோர்ட்டில் போய் மறுப்பது?

இதைத் திரையில் பார்க்க விரும்புகிறவர்கள் 1996இல் நிக்கோலஸ் ஹைட்னர் இயக்கிய 'தி க்ரூசிபிள்' படத்தைப் பார்க்கலாம். ஆர்தர் மில்லர் தன் 1953ஆம் ஆண்டு நாடகத்துக்குத் தானே திரைக்கதை எழுதினார். 1692இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பகுதியில், சேலம் என்ற ஊரில் சில சிறுமிகள் வலிப்பு வந்ததுபோல் துடிக்கிறார்கள். யாரோ சூனியம் வைத்துவிட்டார்கள் என்று முடிவாகிறது. 150 பேருக்கு மேல் பிடித்து அடைத்தார்கள். 19 பேரைத் தூக்கிலிட்டார்கள், அவர்களில் 14 பேர் பெண்கள். படத்தில் எனக்கு ஒரு குறை உண்டு. அபிகெயில் என்ற இளம்பெண் கல்யாணமான ஒருவன்மேல் வைத்த ஆசையும் அவன் மனைவிமேல் கொண்ட பொறாமையும்தான் எல்லாவற்றுக்கும் மூலம் என்பதுபோல் கதை போகிறது. நிஜத்தில் அந்த அபிகெயிலுக்கு வயது 11 அல்லது 12. அந்த ஆணுக்குச் சுமார் 60. காதல் கதை மில்லரின் கற்பனை. பழியை மறுபடியும் ஒரு பொம்பளைப் பிள்ளை தலையில் கட்டியதில் ஹாலிவுட்டும் நம் மந்திரவாதியும் ஒரே கட்சி.

சேலத்தில் உண்மையில் உள்ளே ஓடியது வரப்புத் தகராறு. குற்றம்சாட்டி ஓடி ஓடி மனுக் கொடுத்தவர்களில் முக்கியமானது பட்னம் குடும்பம். 71 வயது ரெபெக்கா நர்ஸ் பிறந்த குடும்பத்தோடு அவர்களுக்கு நில எல்லைச் சண்டை இருந்தது. நடுவர்கள் முதலில் அந்தக் கிழவி குற்றமற்றவள் என்றுதான் சொன்னார்கள். கூட்டம் கத்தியது, தலைமை நீதிபதி இன்னொரு தடவை யோசிக்கச் சொன்னார், யோசித்து, குற்றவாளி என்றார்கள். ஜூலை 19 அன்று தூக்கு. குற்றம்சாட்டிய பட்னம் வீட்டுப் பெண் 14 வருஷம் கழித்து, 1706இல், தேவாலயத்தில் எல்லோர் முன்பும் மன்னிப்புக் கேட்டாள்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது இன்னொரு விஷயம். சேலத்தில் முதன்முதலில் தூக்கிலிடப்பட்டவள் பிரிட்ஜெட் பிஷப். அவள் முன்பு குடியிருந்த வீட்டின் நிலவறைச் சுவரை இடித்தபோது, தலையில்லாத ஊசிகள் குத்திய துணிப்பொம்மைகள் கிடைத்தன என்று இரண்டு வேலையாட்கள் சாட்சி சொன்னார்கள். ஜெயங்கொண்டத்திலோ குன்னத்திலோ செய்வினையைத் தோண்டி எடுக்கும் 'எடுப்பு' நடக்கும் வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். வாசற்படிக்குக் கீழே, வீட்டு மூலையில், கிணற்றடியில் என்று ஆவேசமாக ஓடி ஓடித் தோண்டுவார்கள். சேற்று உருண்டை ஒன்று வெளியே வரும். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உள்ளே செப்புத் தகடு, முடிக்கற்றை, ஊசி குத்திய மாவுப்பொம்மை. 300 வருஷத்துக்கும் மேலாகியும், கடல் தாண்டியும், சாட்சிப் பொருள் மாறவில்லை. உருண்டை இடுப்பு மடிப்பிலிருந்து வருகிறதா, சிஷ்யன் தட்டிலிருந்து வருகிறதா என்று பார்க்க யாருக்கும் தோன்றாது, ஏனென்றால் எல்லோரும் குழியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். எலுமிச்சையில் ரத்தம் வருவதும் இந்த ரகம்தான். கத்தியில் செம்பருத்திப் பூவைத் தேய்த்து வைத்தால் புளிப்புப் பட்டதும் சிவக்கும். திராவிடர் கழகத்தார் 'மந்திரமா, தந்திரமா' நிகழ்ச்சிகளில் இப்படி எத்தனையோ வித்தைகளை மேடையிலேயே போட்டுக் காட்டியிருக்கிறார்கள்.

பேயோட்டுவதும் ஒரு விசாரணைதான். உடுக்கை அடித்து, தலைமுடியைப் பிடித்து, வேப்பிலையாலோ பிரம்பாலோ அடித்து "யாரு நீ? எங்க புடிச்ச?" என்று கேட்கிறார்கள். அந்தப் பெண், புதிதாகக் கல்யாணமாகி வந்தவளாக இருப்பாள், ஒரு பெயரைச் சொல்லும்வரை அடி ஓயாது. தூக்குப்போட்டுச் செத்தவள் பெயரைச் சொன்னால், உச்சி முடியை வெட்டிப் புளியமரத்தில் ஆணியடித்துவிட்டு வீட்டுக்கு அனுப்புவார்கள். சேலத்திலும் இதே கணக்கு. சூனியக்காரிதான் என்று ஒப்புக்கொண்டு அதில் நின்றவர்கள் ஒருவரும் தூக்கிலிடப்படவில்லை. இல்லவே இல்லை என்று சொன்னவர்களைத்தான் தொங்கவிட்டார்கள். இங்கே அடி வாங்கும் பெண்ணுக்கு மாமியார் வீட்டில் என்ன நடந்தது, தூக்கம் வந்து எத்தனை நாள் ஆயிற்று என்பதை அந்த உடுக்கை கேட்காது. கேட்காமலே இருந்தால் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஏர்வாடி இருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 விடிகாலையில் கீற்றுக் கொட்டகை பற்றிக்கொண்டபோது அங்கே நம்பிக்கை வைத்தியத்துக்காகக் கொண்டுவந்து சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் இறந்தார்கள்.

இதெல்லாம் எங்கேயோ நடந்தது என்பவர்களுக்கு நம்மூர்க் கணக்கு. 2017 மார்ச்சில் பெரம்பலூர் நகரத்துக்குள்ளேயே ஒரு மந்திரவாதி வீட்டில் போலீஸ் நுழைந்தபோது மண்டை ஓடுகளும் ஓர் இளம்பெண்ணின் சடலமும் இருந்தன. பூஜைக்காகச் சென்னை மயானத்திலிருந்து வாங்கிவந்த பிணம் என்று விசாரணையில் தெரிந்தது. பிணத்தை விலைக்கு வாங்கும் அளவுக்கு அந்தத் தொழிலில் வரும்படி இருந்திருக்கிறது. வரும்படி கொடுத்தவர்கள் யாரும் கொல்லிமலைக் குகையிலிருந்து வந்தவர்கள் இல்லை.

2024 ஜூனில் ஜெயங்கொண்டம் அருகே, பிறந்து 38 நாளே ஆன ஆண் குழந்தையைத் தண்ணீரில் மூழ்கடித்துக் கொன்றதாகத் தாத்தாவே கைதானார். குழந்தை செய்த குற்றம், சித்திரையில் பிறந்தது. குடும்பத்துக்கு ஆகாதாம். இது செய்வினை இல்லையே என்பீர்கள். வரப்போகிற கெடுதலுக்கு ஓர் ஆளைக் கண்டுபிடித்தாக வேண்டும் என்ற அதே புத்திதான். ஆடியில் புதுப்பெண்ணைச் சீர் கொடுத்து அம்மா வீட்டுக்கு அனுப்புகிறோமே, அந்த இனிப்பான வழக்கத்துக்குப் பின்னால் இருப்பதும், ஆடியில் கருவுற்றால் சித்திரையில் பிள்ளை பிறக்கும் என்ற இதே கணக்குத்தான். சேலத்திலும் டோரதி குட் என்ற நாலைந்து வயதுக் குழந்தையைச் சூனியக்காரி என்று சொல்லிச் சங்கிலி போட்டு மாதக்கணக்கில் சிறையில் வைத்தார்கள். அவள் அம்மாவைத் தூக்கிலிட்டார்கள்.

"இது பெரியார் மண், ஜார்க்கண்டில் நடப்பதுபோல் இங்கே பெண்களை அடித்துக் கொல்வதில்லை" என்று அடுத்த வாதம் வரும். 2018 மே மாதம் போளூர் அருகே அத்திமூரில் குலதெய்வக் கோயிலுக்கு வந்த 65 வயதுப் பெண், குழந்தைகளுக்குச் சாக்லெட் கொடுத்தார். பிள்ளை பிடிக்கிறவள் என்று வாட்ஸ்அப்பில் சுற்றிய வதந்தியை நம்பிய கூட்டம் அவரை அடித்தே கொன்றது. அதே நாட்களில் பழவேற்காட்டில் ஒரு மனிதரை அடித்துக் கொன்று பாலத்தில் தொங்கவிட்டார்கள். பெயர் மட்டும் சூனியம் இல்லை. பீகார் 1999இலும் ஜார்க்கண்ட் 2001இலும் சூனியக்காரி என்று பட்டம் கட்டுவதைக் குற்றமாக்கிச் சட்டம் போட்டன. மகாராஷ்டிரம் 2013இல், மூடநம்பிக்கை எதிர்ப்பாளர் தபோல்கர் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, மாந்திரீகக் கொடுமைகளுக்கு எதிராகச் சட்டம் கொண்டுவந்தது. கர்நாடகம் 2017இல். பகுத்தறிவைப் பற்றி மற்ற மாநிலங்களுக்கு வகுப்பெடுக்கும் தமிழ்நாட்டில் அப்படி ஒரு தனிச்சட்டம் இல்லை.

ஒன்று கவனித்திருக்கிறேன். 2018இல் படைப்புழு வந்து பெரம்பலூர் மாவட்டத்து மக்காச்சோளத்தைக் குருத்தோடு தின்றது. அப்போது யாரும் செய்வினை என்று சொல்லி நான் கேட்கவில்லை. வேளாண்மை அலுவலகத்துக்குப் போனார்கள், மருந்து கேட்டார்கள், நிவாரணம் கேட்டார்கள். ஊர் முழுக்க நஷ்டப்பட்டால் அது புழு. பக்கத்துக் காடு பச்சையாக நிற்க நம் காடு மட்டும் காய்ந்தால்தான் எவளோ வைத்துவிட்டாள். அப்படியானால் வயிறு எரிகிறவர் யார்? பழி சுமக்கும் சித்தியா, பழி போடுகிற நாமா?

பாரம்பரியம் என்று சொல்கிறவர்கள் சிறுவாச்சூருக்குப் போய் மதுரகாளியம்மன் கதையைக் கேட்கட்டும். திங்களும் வெள்ளியும் நடை திறக்கும் நாளில், கோயிலிலேயே மாவு இடித்து மாவிளக்குப் போடும் பெண்களுக்கு அந்தக் கதை மனப்பாடம். செல்லியம்மனையே ஒரு மந்திரவாதி கட்டிவைத்து ஆட்டிப்படைத்தான். காளி வந்து அவன் கதையை முடித்தாள். கதைப்படி கொடுமைக்காரன் மந்திரவாதி. கதவடைக்க வேண்டிய இடத்தில் அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்து, சித்திக்குக் கதவடைக்கிறோம்.

'என்ன நஷ்டம்' நண்பர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அடுத்த எடுப்பு நடக்கும்போது, நாட்டாமைபோல் ஓரமாக நாற்காலி போட்டு உட்காராதீர்கள். உங்கள் கைப்பேசி கேமரா ஓடட்டும். மண்வெட்டி வீட்டுக்காரர் கையில் இருக்கட்டும், மந்திரவாதியும் சிஷ்யனும் பத்தடி தள்ளி நிற்கட்டும். குழிக்குள் இறங்கும் கை வீட்டுக்காரர் கையாகவே இருக்கட்டும். அப்போதும் தகடு வந்தால் எனக்குச் சொல்லியனுப்புங்கள், சித்தியையும் கூட்டிக்கொண்டு வந்து பார்க்கிறேன்.