அட்டையில் ஏறிய முகம்

இசைப் பத்திரிகைக்கு ஒரு சங்கடம் உண்டு. அது பேசும் பொருள் காதுக்குரியது; கடையில் தொங்குவதோ காகிதம். பாட்டைக் கேட்கச் செய்ய வழியில்லை, பாடியவரின் முகத்தைத்தான் காட்ட முடியும். அந்த வித்தையில் அமெரிக்காவின் 'ரோலிங் ஸ்டோன்' பத்திரிகைக்கு ஈடு சொல்வது கடினம். அதே வித்தை ஒருமுறை அதன் காலையும் வாரிவிட்டது.

1967 நவம்பர் 9 தேதியிட்ட முதல் இதழின் அட்டையில், ஒரு திரைப்படத்துக்காகப் போட்ட ராணுவ வேடத்தில் ஜான் லெனன் இருந்தார். அன்று அது சாதாரணச் செய்தித்தாள் காகிதம்தான். வழவழப்பெல்லாம் பின்னால் வந்தது. போகப் போக ஒரு பாணி படிந்தது. பெரும்பாலும் ஒரே ஆள், நேராக நம்மைப் பார்க்கும் கண்கள், பத்திரிகைப் பெயரின் எழுத்துகளைக்கூட மறைத்து நிற்கும் தலை. பெயர் பாதி மறைந்தாலும் வாசகர் கண்டுகொள்வார் என்ற தைரியம்!

இந்த அட்டை விரைவிலேயே ஒரு பட்டம் போல ஆகிவிட்டது. 1972-இல் 'டாக்டர் ஹூக்' என்ற குழு, புகழும் பணமும் வந்தும் அந்த அட்டையில் நம் படம் வரவில்லையே என்று புலம்பி ஒரு வேடிக்கைப் பாட்டே வெளியிட்டது. பாட்டு பிரபலமாகி, 1973 மார்ச்சில் இடமும் கிடைத்தது. அதுவும் கேலிச்சித்திரமாக, குழுவின் பெயரைச் சொல்லாமல்! பட்டங்களுக்கு ஏங்கும் நம் சபா வித்வான்கள் நினைவுக்கு வந்தால் நான் பொறுப்பல்ல.

1981 ஜனவரி 22 இதழ்தான் உச்சம். ஆனி லீபோவிட்ஸ் எடுத்த படம்: ஆடையின்றிக் குழந்தை போலச் சுருண்டு மனைவி யோகோ ஓனோவை அணைத்துக் கிடக்கிறார் லெனன். 1980 டிசம்பர் 8 அன்று படம் எடுத்த சில மணி நேரத்தில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அட்டையில் பத்திரிகையின் பெயர் உண்டு. தலைப்பு என்று ஒரு சொல் கிடையாது. அந்த இடத்தில் வரும் முகம் கொண்டாடத்தக்க முகம் என்று வாசகர் பழகியிருந்ததால் சொல் தேவைப்படவில்லை.

அந்தப் பழக்கம்தான் 2013-இல் திருப்பி அடித்தது. அவ்வாண்டு ஏப்ரல் 15 அன்று பாஸ்டன் மாரத்தானில் குண்டுகள் வெடித்து மூவர் மாண்டனர். 260 பேருக்கு மேல் காயமுற்றனர். குற்றம் சாட்டப்பட்ட 19 வயது ஜோஹர் சர்நாயேவின் படத்தை ஆகஸ்ட் 1 தேதியிட்ட இதழ் அட்டையில் போட்டது. கலைந்த சுருள்முடி, கனவு காணும் கண்கள். நம்பிக்கையூட்டிய மாணவன் அரக்கனானது எப்படி என்று கீழே தெளிவாகவே அச்சிட்டிருந்தார்கள். யார் படித்தார்கள்? பாட்டுக்காரனைப் போல ஆக்கிவிட்டார்களே என்று ஊரே கொதித்தது. சி.வி.எஸ்., வால்கிரீன்ஸ் போன்ற பெரிய கடைத் தொடர்கள் இதழை விற்க மறுத்தன.

வேடிக்கை என்னவென்றால், அதே படம் அந்த ஆண்டு மே மாதமே 'நியூயார்க் டைம்ஸ்' முதல் பக்கத்தில் வந்திருந்தது. அப்போது இப்படி ஒரு கூச்சல் எழவில்லை. செய்தித்தாளில் அது குற்றவாளியின் படம். இங்கே நட்சத்திரத்தின் படம்.

பத்திரிகைக்காக வாதாடியவர்கள், கொலைகாரன் சார்லஸ் மேன்சனும் 1970-இல் இதே அட்டையில் வந்தவன்தானே என்றார்கள். பத்திரிகைக்கு அப்போது மூன்று வயதுகூட நிரம்பவில்லை. அட்டை இன்னும் சிம்மாசனம் ஆகவில்லை. உள்ளே இருந்த கட்டுரை உழைத்து எழுதப்பட்டது. அதை வெளியிட்டதில் தவறில்லை என்பதே என் கட்சி. ஆனால் நாற்பத்தைந்து ஆண்டு வாசகரைப் பழக்கியவர்கள், அந்தப் பழக்கத்தை ஒரு வரி எழுத்து மாற்றிவிடும் என்று நம்பியதை ஏற்பதற்கில்லை. இதழ் வழக்கத்தைப் போல இரு மடங்கு விற்றதாகச் செய்தி வந்தது. அதை வைத்து அட்டை வெற்றி என்பாரும் உண்டு. அதே அட்டையால்தான் கடைகள் கதவைச் சாத்தின.

பாஸ்டன் மேயர் தாமஸ் மெனினோ பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார். அந்த அட்டைக்கு உரியவர்கள் உயிர் பிழைத்தவர்களும் அவர்களுக்கு உதவியவர்களும்தான். ஆனால் அவர்களைப் போட இனி உங்கள் பத்திரிகைக்குத் தகுதி இருப்பதாக நான் நினைக்கவில்லை என்பது அதன் சாரம்.