தீவாந்தர தண்டனைக்குக் கால வரம்பு உண்டு, லயத்துக்கு?

அயர்லாந்தின் டிப்பரரி மாவட்டத்தைச் சேர்ந்த ஜான் கெல்லி என்ற ஏழை, இரண்டு பன்றிகளைத் திருடிய குற்றத்துக்காக 1841-இல் ஏழாண்டுத் தீவாந்தர தண்டனை பெற்றார். கடல் கடந்து இன்றைய தாஸ்மேனியாவில் இறக்கப்பட்டார். 1788 முதல் 1868 வரை பிரிட்டனிலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேற்றப்பட்ட கைதிகள் ஏறத்தாழ 1,62,000 பேர். வீடு புகுந்து திருடியவர், ஆடு திருடியவர், துணி திருடியவர் என்று அவர்களில் மிகப் பெரும்பாலோர் சொத்து தொடர்பான குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டவர்கள். நீதிமன்றம் அதைத் தண்டனை என்றது. குடியேற்ற நாட்டுக்கோ அது கூலியில்லாத உழைப்பு.

இந்தக் கப்பல்கள் தமிழகக் கரையையும் விட்டுவைக்கவில்லை. சென்னை மாகாணத்திலிருந்து சுமத்ராவின் பென்கூலனுக்குக் கடத்தப்பட்டிருந்த 80 கைதிகள் 1825 ஏப்ரல் 18 அன்று சிங்கப்பூரில் இறக்கப்பட்டனர். அதன் பின் 1873 வரை, சதுப்பு நிலத்தைத் தூர்த்ததும் சாலை வெட்டியதும் புனித ஆண்ட்ரூ பேராலயத்தைக் கட்டியதும் இந்தியக் கைதிகளின் கைகளே. அவர்கள் அனைவரும் நிரபராதிகள் என்பதல்ல வாதம். சிறு திருட்டைக் கடல் கடத்தித் தண்டித்த அதே சட்டம், பெருங்கவர்தலைப் பத்திரம் எழுதிப் பாதுகாத்தது என்பதே வாதம்.

அந்தப் பத்திரங்களில் ஒன்று மூணாறு மலைகளுக்கும் எழுதப்பட்டது. 1877-இல் பூஞ்சாறு மன்னரிடமிருந்து ஜான் டேனியல் மன்றோ என்ற ஆங்கிலேயர் பெற்ற பரப்பு சுமார் 227 சதுர மைல். கொடுத்த விலை 5,000 ரூபாய். ஆண்டுக் குத்தகை 3,000 ரூபாய். மலையில் வாழ்ந்த பழங்குடிகளை யாரும் கேட்கவில்லை. இதைக் களவு என்று எந்த நீதிபதியும் சொல்லவில்லை.

காட்டை அழித்துத் தேயிலை நட ஆள் வேண்டியிருந்தது. விலங்குக்குப் பதிலாக முன்பணம் வந்தது. வறட்சியிலும் சாதிக் கொடுமையிலும் சிக்கியிருந்த தமிழகக் கிராமங்களிலிருந்து கங்காணிகள் குடும்பம் குடும்பமாக மலையேற்றினர். முன்பணம் பெற்றவர் வேலையை விட்டு, நீதிபதியின் உத்தரவுக்கும் பணியாவிட்டால் மூன்று மாதம் வரை சிறை என்று 1859-ஆம் ஆண்டுச் சட்டம் பிரிட்டிஷ் இந்தியாவில் மிரட்டியது. அது நீக்கப்பட்டது 1925-இல்தான். கூலி தராத முதலாளிக்கு அச்சட்டத்தில் சிறை இல்லை.

இன்று மாட்டுப்பட்டி அணையில் படகு விடுவதைக் காண உல்லாசப் பயணிகள் திரள்கின்றனர். அவர்கள் படமெடுக்கும் பசுஞ்சரிவுகளுக்கு நடுவே லயங்கள் இருக்கின்றன. பல தலைமுறைகளாக அங்கே கொழுந்து பறித்த குடும்பத்துக்கு அந்த வீடு சொந்தமில்லை. ஓய்வு பெற்றவர், பிள்ளைகளில் ஒருவரேனும் தோட்ட வேலையில் இல்லாவிட்டால், வீட்டைக் காலி செய்ய வேண்டும். கூரையைக் காப்பதற்காகவே அடுத்த தலைமுறையும் கூடையைத் தூக்குகிறது. 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மலை சரிந்தபோது லயங்களில் உறங்கிய 70 பேர் மாண்டனர். தம் விருப்பப்படி வேறோரிடத்தில் வீடு கட்டிக்கொள்ள அவர்களுக்கு ஒரு சென்ட் நிலம் இருந்ததா?

அச்சுத மேனன் அமைச்சரவைக் காலத்தில் 1971-இல் வந்த கண்ணன் தேவன் மலை நில மீட்புச் சட்டம், மீட்கப்படும் நிலத்தை விவசாயிகளுக்கும் விவசாயத் தொழிலாளருக்கும் வழங்க வழிவகுத்தது. உச்ச நீதிமன்றமும் 1972-இல் அதை உறுதி செய்தது. எனினும் தோட்டத் தொழிலாளரின் பெரும் பகுதி இன்றும் நிலமற்றே நிற்கிறது. 2015 செப்டம்பரில் 20 சதவீத போனஸ் கேட்டு மூணாறு வீதியில் அமர்ந்த பெண்கள், தொழிற்சங்கத் தலைவர்களை அருகில் விடவில்லை. இடதுசாரிச் சங்கங்களும் அதற்கு விலக்கல்ல. அந்தக் கோபத்தைச் சதி என்று ஒதுக்குவது எளிது. சுயவிமர்சனத்துடன் ஏற்பதே தொழிலாளி வர்க்க இயக்கத்துக்கு அழகு.

கூலி உயர்வுக் கோரிக்கையோடு, ஓய்வுபெறும் ஒவ்வொரு தோட்டத் தொழிலாளிக்கும் பட்டாவுடன் நிலமும் வீடும் என்ற கோரிக்கையும் முதலிடத்துக்கு வரவேண்டும். மொழியாலும் மாநில எல்லையாலும் அவர்களைப் பிரித்துப் பேசும் சக்திகளுக்கு அதுவே தகுந்த பதில்.

பன்றி திருடிய கெல்லி 1848-இல் தண்டனை முடிந்து விடுதலையானார். எதையும் திருடாத மாட்டுப்பட்டித் தொழிலாளியின் தீவாந்தரம் இன்னும் முடியவில்லை.