வராதவர்களின் கணக்கு

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் முகாம்கள் முன்பொரு முறை ஆய்வுக்கு உள்ளாயின. ஊர்தோறும் முகாம், திரண்ட கூட்டம், கணக்கேடு நிறைய எண்கள். ஆயினும் சுற்றுவட்டாரத்தில் பார்வைக் குறை உடையோரில் நூற்றுக்கு ஏறத்தாழ ஏழு பேரே முகாமுக்கு வந்திருந்தனர் என்று அந்த ஆய்வு காட்டிற்று. வந்தவர் தொகையை ஆண்டறிக்கையில் அச்சிட்டு அமைதி கொண்டிருக்கலாம். பலரும் அதைத்தான் செய்வர். அரவிந்தோ வராதவர்களின் வாசலை நோக்கி நடந்தது. சிற்றூர்களில் பார்வை மையங்கள் எழுந்தன. அங்கே பயிற்சி பெற்ற பணியாளர் கண்ணைச் சோதிப்பார். தலைமை மருத்துவமனையில் இருக்கும் மருத்துவர் கணினித் திரைவழியே நோயாளியோடு பேசுவார்.

அரவிந்த் போன்ற சமூகத் தொழில் நிறுவனங்களின் உத்திசார் நோக்குநிலை அவற்றின் செயல்திறனை எவ்வாறு மாற்றுகிறது என்பது மேலாண்மைத் துறையினர் நெடுநாளாக ஆராயும் பொருள். சந்தை நோக்கு, தொழில்முனைவு நோக்கு என்று அவர்கள் வகுக்கும் பிரிவுகள் பயனுடையவையே. ஆனால் அவை வணிக நிறுவனங்களை அளக்கப் பிறந்த கோல்கள். கடைக்காரருக்குப் பொருள் வாங்குபவரும் பணம் தருபவரும் ஒருவரே. சமூக நிறுவனத்திலோ பயன் பெறுபவர் ஒருவர், பணம் தருபவர் பெரும்பாலும் வேறொருவர். இவ்விருவரில் யார் முகம் பார்த்து முடிவுகள் எடுக்கப்படுகின்றன என்பதில்தான் நோக்குநிலை வெளிப்படுகிறது.

அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற மருத்துவர் கோ. வெங்கடசாமி, முடக்குவாதம் விரல்களைக் கோணலாக்கிய நிலையிலும், 1976இல் 11 படுக்கைகளோடு அரவிந்தைத் தொடங்கினார். அதன் அறுவை அரங்கைக் கண்டோர் அறிவர்: ஒரு மேசையில் கண்புரை நீக்கும் பணி நடக்கும்போதே அடுத்த மேசையில் மற்றொரு நோயாளி ஆயத்தமாகப் படுத்திருப்பார், முதற்பணி முடிந்ததும் மருத்துவர் அப்பக்கம் திரும்புவார். ஒரு நிமிடமும் வீணாவதில்லை. ஆலை முதலாளிகளும் வியக்கும் சிக்கனம் அது. அயல்நாட்டு உள்விழி வில்லையின் விலை ஏழைக்கு எட்டாதிருந்தபோது, அரவிந்த் 1992இல் ஆரோலேப் என்னும் தொழிற்கூடத்தை நிறுவி வில்லையைத் தானே செய்து விலையைப் பன்மடங்கு குறைத்தது. கட்டணம் செலுத்துவோர் தரும் பணமே கட்டணமின்றி வருவோரையும் தாங்குகிறது. வணிக நோக்கு தொண்டினைக் கெடுக்கும் என்று கூறுவோர் இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும். கணக்குப் பார்க்கும் கண்டிப்பில் அரவிந்த் எந்த வணிகருக்கும் இளைத்ததன்று.

நுண்கடன் துறையின் வரலாறு மறுபக்கத்தைக் காட்டுகிறது. இலாப நோக்கற்ற அமைப்பாகப் பிறந்த எஸ்.கே.எஸ். என்னும் நுண்கடன் அமைப்பு, பின்னர் இலாப நிறுவனமாக மாறி, 2010இல் பங்கு வெளியிட்டது. முதலீட்டாளர் போட்டியிட்டு வாங்கினர். கடன் பெற்ற பெண்களின் எண்ணிக்கை, கிளைகளின் பெருக்கம், தவறாத வாராந்தரத் தவணை எனக் காட்டப்பட்ட அளவுகள் யாவும் சிறப்பாகவே இருந்தன. ஒரே பெண் மூன்று நான்கு நிறுவனங்களுக்குக் கடன்பட்டிருப்பதை அந்த அளவுகள் சொல்லவில்லை. வாரக் கூட்டத்தில் ஒருத்தி தவணைக்குத் தவறினால் குழுவின் மற்ற பெண்கள் தம் சேலைத் தலைப்பின் முடிச்சை அவிழ்க்க வேண்டும். ஏட்டில் அதுவும் நூறு விழுக்காடு வசூல்தான். கடன் நெருக்கடியும் தற்கொலைச் செய்திகளும் பெருகவே, அதே ஆண்டு அக்டோபரில் ஆந்திர அரசு அவசரச் சட்டம் பிறப்பித்தது. அம்மாநிலத்தில் நுண்கடன் வசூல் ஏறத்தாழ முற்றாக நின்றது. பழி முழுவதையும் ஒரு நிறுவனத்தின் தலையில் சுமத்துவது முறையன்று. வங்கிகளும் முதலீட்டாளரும் சேர்ந்தே இத்துறையின் பார்வையைப் பங்குச்சந்தையின் பக்கம் திருப்பினர்.

இன்று சமூக நிறுவனங்கள் நிதி திரட்டுவதற்கான சமூகப் பங்குச்சந்தை நடைமுறைக்கு வந்துவிட்டது. 2019ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்ட உரையில் அறிவிக்கப்பட்ட இந்த ஏற்பாட்டுக்கு 2022இல் பங்குச்சந்தை ஒழுங்காற்று அமைப்பான செபி விதிமுறைகள் வகுத்தது. இதன்வழி நிதி திரட்டுவோர் ஆண்டுதோறும் தாக்க அறிக்கை அளிக்க வேண்டும். வரவேற்கத்தக்க விதி. ஆனால் அறிக்கையைப் படிக்கப்போகிறவர் பணம் தருபவர். அவர் மகிழும் எண்களே அதில் முந்தி நிற்கும் என்று அஞ்சக் காரணம் உண்டு. எத்தனை பேரை எட்டினோம் என்பதன் அருகிலேயே, அதே வட்டாரத்தில் எட்டப்படாதோர் எத்தனை பேர், இடையில் விலகியோர் எத்தனை பேர், ஏன் விலகினர் என்பனவும் தனித் தலைப்பில் கட்டாயமாக இடம்பெற வேண்டும். இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. செபியின் ஒரு சுற்றறிக்கை போதும்.