உதவி வகுப்பு காலி! மாணவர்கள் வராதது ஏன்?

கல்லூரி திறக்கும் காலம் வந்துவிட்டால், அறிவிப்புப் பலகையில் ஒரு சாண் இடம்கூட மிஞ்சாது.

புது மாணவர்களுக்கு வரவேற்பு வாரம். பள்ளிப் பாடத்தையும் கல்லூரிப் பாடத்தையும் இணைக்கும் "பிரிட்ஜ் கோர்ஸ்". உதவித்தொகை விண்ணப்பம் நிரப்ப ஒரு நாள். நூலகத்தைச் சுற்றிப் பார்க்க ஒரு நாள். ஆங்கிலம் பேசிப் பழக மாலை வகுப்பு. மனக்கவலையைச் சொல்லிக்கொள்ள ஓர் அறை. பிறகு, பெற்றோர் கூட்டம்.

பெரும்பாலும் எல்லாம் இலவசம்.

உதவித்தொகை நாளில் மண்டபம் கொள்ளாது. வரிசை வாசலைத் தாண்டி நிற்கும். மாலை நேரப் பாட உதவி வகுப்பிலோ, நாற்காலிகள் காலி! பத்துப் பேர் வந்தால் பெரிது. அந்தப் பத்துப் பேரிலும் பாதிப் பேர், உதவி இல்லாமலே தேறிவிடக்கூடியவர்கள்.

யாருக்காக வகுப்பு வைத்தார்களோ, அவர்கள் பஸ் ஏறிவிட்டார்கள்.

ஏன்?

"படிக்கிற அக்கறை இல்லை" என்று சொல்லிவிடுவது சுலபம். அப்படிச் சொல்லுகிற ஆசிரியர்களும் உண்டு. ஆனால் காரணம் அது அல்ல.

வாசல் வரை வந்தாயிற்று

கல்லூரிக்குப் போகிறவர்கள் தொகையில் தமிழ்நாடு முன்னணியில் நிற்கிறது. 2021-22ஆம் ஆண்டு அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பில், 18 முதல் 23 வயது வரை உள்ள 100 பேருக்கு 47 பேர் என்பது தமிழ்நாட்டுக் கணக்கு. இந்தியா முழுவதற்கும் 28 தான்.

இதற்கு அரசாங்கம் செய்த உதவிகளும் ஒரு காரணம். குடும்பத்தில் முதல் பட்டதாரியாகத் தொழிற்கல்வியில் சேருகிறவருக்குக் கட்டணச் சலுகை 2010-ல் வந்தது. அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் என்று "புதுமைப்பெண்" திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. பையன்களுக்கு அதேபோல "தமிழ்ப் புதல்வன்" 2024 ஆகஸ்டில் வந்தது.

பணம், பிள்ளையைக் கல்லூரி வாசல் வரை கொண்டுவந்து விட்டது. உள்ளே போன பிறகு?

உள்ளே போனால் புது உலகம். "செமஸ்டர்" என்கிறார்கள். "இன்டர்னல் மார்க்" என்கிறார்கள். "மேஜர்" என்கிறார்கள், "அலைடு" என்கிறார்கள். வக்கீல் வீட்டுப் பையனுக்கு இதெல்லாம் தெரியாவிட்டால், சாப்பிடும்போது அத்தையைக் கேட்டுக்கொள்வான். தறி நெய்கிறவர் மகள் யாரைக் கேட்பாள்?

அவளுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. பன்னிரண்டு வருஷம் தமிழில் படித்தவள். இங்கே ரசாயனப் பேராசிரியர் ஆங்கிலத்தில் பாடம் நடத்துகிறார். பாடம் புரியவில்லையா, பாஷை புரியவில்லையா? அதுகூட அவளுக்கு நிச்சயமாகத் தெரியாது. தாய்மொழியில் தேர்வு எழுத மாணவர்களை அனுமதிக்கும்படி பல்கலைக்கழகங்களை மானியக் குழு 2023-ல் கேட்டுக்கொண்டது. நல்ல யோசனைதான். ஆனால் ஆங்கிலத்தில் கேட்டதைத் தமிழில் எழுத வேண்டுமானால், முதலில் கேட்டது விளங்க வேண்டும் அல்லவா?

முதல் செமஸ்டர் தேர்வு வருகிறது. இரண்டு பாடம் "அரியர்" விழுகிறது. அடுத்த தேர்வில் அந்த இரண்டோடு புதுப் பாடங்களையும் சேர்த்து எழுத வேண்டும். மூட்டை ஏறிக்கொண்டே போகிறது. ஒரு நாள் பையன், "எனக்குப் படிப்பு வராது அப்பா" என்று சொல்லிவிட்டுக் கம்பெனி வேலைக்குப் போய்விடுகிறான். மூன்று வருஷக் கனவு ஒரே வருஷத்தில் முடிகிறது.

இதைத் தடுக்கத்தான் உதவி வகுப்பு. அதற்குத்தான் யாரும் வருவதில்லை!

பெயர் வாசிக்கிறார்கள்

பல கல்லூரிகளில் முதல் தேர்வு முடிந்ததும் மாணவர்களை இரண்டாகப் பிரிக்கிறார்கள். ஒரு சாரார், வேகமாகக் கற்போர். இன்னொரு சாரார், "மெல்லக் கற்போர்". கல்லூரிகளுக்குத் தரச் சான்று தரும் "நாக்" குழுவும், இந்த இரு சாராருக்கும் என்ன செய்தீர்கள் என்று கேட்டுவந்தது. ஆகையால் பட்டியல் தயாராகிறது. வகுப்பில் பெயர் வாசிக்கப்படுகிறது. இன்றைக்கு அது வாட்ஸ்அப் குழுவிலும் வந்துவிடுகிறது.

எண்ணிப் பாருங்கள். அந்தப் பையன் தன் ஊர்ப் பள்ளியில் முதல் மார்க் வாங்கியவன். அவன் படத்தைப் போட்டுத் தெருமுனையில் பேனர் கட்டியிருந்தார்கள். இரண்டே மாதத்தில் அவன் பெயர் "மெல்லக் கற்போர்" பட்டியலில்! அவன் அந்த வகுப்புக்குப் போவானா? வழி தெரியாமல் நின்றாலும் நிற்பானே தவிர, எல்லோரும் பார்க்க அந்த அறைக்குள் நுழையமாட்டான்.

உதவித்தொகை நாளில் கூட்டம் ஏன் என்பதும் இப்போது விளங்கும். அங்கே மார்க் வாங்கியவனும் நிற்கிறான், வாங்காதவனும் நிற்கிறான். வரிசை ஒன்று. அதில் நிற்க வெட்கம் இல்லை.

அமெரிக்காவில் நடந்தது

இந்த வெட்கம் நம் நாட்டுச் சரக்கு மட்டும் அல்ல. 1970-களில் அமெரிக்காவில், கலிபோர்னியாவைச் சேர்ந்த பெர்க்லி பல்கலைக்கழகத்திலும் இதே கதைதான். அங்கே நுண்கணிதப் பாடத்தில் கறுப்பின மாணவர்கள் ஏராளமாகத் தோற்றார்கள். யூரி டிரைஸ்மன் என்ற இளம் கணித ஆசிரியர் காரணம் தேடினார்.

ஆசிரியர்களைக் கேட்டார். "அக்கறை இல்லை" என்றார்கள். "வீட்டில் ஊக்கம் இல்லை", "ஏழைகள்", "அடிப்படைப் பாடம் போதாது" என்றார்கள். நாம் கேட்டுப் பழகிய அதே பதில்கள்!

டிரைஸ்மன் அதை அப்படியே நம்பிவிடவில்லை. கறுப்பின மாணவர்கள் 20 பேர், சீன வம்சாவளி மாணவர்கள் 20 பேர். இவர்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்று கூடவே இருந்து கவனித்தார்.

கறுப்பின மாணவர்கள் ஒழுங்காக வகுப்புக்கு வந்தார்கள். வீட்டுக் கணக்கையும் போட்டார்கள். ஆனால் தனியாகவே படித்தார்கள். சீன மாணவர்களும் தனியாகப் படித்தார்கள். பிறகு மாலையில் கூடினார்கள். ஒருவர் போட்ட கணக்கை மற்றவர் பார்த்தார். யாருக்கும் வராத கணக்கு என்றால், கணக்குத்தான் கஷ்டம் என்று தெரிந்துகொண்டார்கள். தனியாக உட்கார்ந்தவனுக்கு அது தெரிய வழி இல்லை. தனக்கு மூளை இல்லை என்று நினைத்துக்கொண்டான்.

பல்கலைக்கழகத்தில் உதவி வகுப்பு இல்லாமல் இல்லை. இருந்தது. அது மட்டமானவர்களுக்கு என்று ஒதுக்கியது. பள்ளியில் முதலாவதாக வந்த பிள்ளைகள் அதன் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

டிரைஸ்மன் அதைத் தலைகீழாகத் திருப்பினார். கெட்டிக்காரர்களுக்கு ஒரு பயிற்சிப் பட்டறை என்று அழைத்தார். சுலபமான கணக்கு தரவில்லை; கடினமான கணக்கையே தந்தார். நாலைந்து பேராகக் கூடி உட்காரச் சொன்னார். பிள்ளைகள் வந்தார்கள். தோற்றுக்கொண்டிருந்த பாடத்தில் நல்ல மார்க்கும் வாங்கினார்கள்!

பாடத்துக்குத்தான் பட்டம்

அதே நாட்டில் இன்னொரு பல்கலைக்கழகம், மிசௌரி மாநிலத்துக் கான்சாஸ் சிட்டியில் இருக்கிறது. 1973-ல் டியானா மார்ட்டின் என்ற அம்மையார் அங்கே வேறொரு வழி கண்டார். எந்த மாணவன் மட்டம் என்று அவர் பார்க்கவில்லை. எந்தப் பாடத்தில் நிறையப் பேர் விழுகிறார்கள் என்று பார்த்தார். நூற்றுக்கு 30 பேர் விழுந்தால் அது "கஷ்டமான பாடம்". அந்தப் பாடத்துக்கு உதவி வகுப்பு. வர விரும்புகிற எவரும் வரலாம்.

வகுப்பை நடத்துகிறவர் பேராசிரியர் அல்ல. முந்தின வருஷம் அதே பாடத்தில் நன்றாகத் தேறிய ஒரு சீனியர். அவர் மறுபடியும் வகுப்பில் வந்து உட்காருவார். குறிப்பு எடுப்பார். பிறகு மாணவர்களைக் கூட்டி, பாடத்தைப் பேசவைப்பார். இன்று இந்த முறை பல நாடுகளில் நடக்கிறது.

இதைக் கேட்டதும் அமெரிக்கப் புதுமை என்று மலைக்க வேண்டாம். பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது நம் திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை செய்த வேலை. ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1787-ல் சென்னைக்கு வந்தார். எழும்பூர் அநாதை விடுதிப் பள்ளியைக் கவனித்தார். நம் ஊர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைக் கண்டு, அதைத் தம் பள்ளியில் கொண்டுவந்தார். பெரிய பையன்களையே சின்னவர்களுக்கு வாத்தியார் ஆக்கினார். 1797-ல் லண்டனில் அதைப் பற்றிப் புத்தகம் போட்டார். இங்கிலாந்தில் அதற்கு வழங்கிய பெயர் "மெட்ராஸ் முறை"!

நம்மிடம் இருந்து போனதை நாம் திரும்ப வாங்கிக்கொள்ளத் தடை என்ன? சீனியர் என்றாலே பயப்பட்ட காலம் ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் 1997-ல் வந்தது. சீனியரைத் தூரத்தில் நிறுத்தச் சட்டம் வேண்டியிருந்தது. அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கணக்குச் சொல்லித்தரச் செய்வது கல்லூரி முதல்வர் நினைத்தால் முடிகிற காரியம்.

நாலு மணி பஸ்

வெட்கம் ஒன்றுதான் காரணம் என்றும் சொல்ல முடியாது. நேரமும் உண்டு. மாலை நாலு மணிக்கு வகுப்பு வைத்தால், நாலு மணி பஸ்ஸில் ஊருக்குப் போக வேண்டிய பெண் என்ன செய்வாள்? அடுத்த பஸ் இருட்டிய பிறகுதான். வீட்டில் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

சில அரசுக் கல்லூரிகளில் காலை ஒரு ஷிப்ட், பிற்பகல் ஒரு ஷிப்ட். காலை ஷிப்ட் பையன்களில் பலர், மணி அடித்ததும் வேலைக்கு ஓடுகிறார்கள். ஜவுளிக்கடை, பெட்ரோல் பங்க், முகூர்த்த நாளானால் கல்யாண மண்டபத்தில் பந்தி பரிமாறுவது. அந்தக் காசுதான் தங்கையின் நோட்டுப் புத்தகம். அவனை "அக்கறை இல்லாதவன்" என்பது அநியாயம்.

வகுப்பு நேரத்துக்கு உள்ளேயே வாரம் ஒரு மணி ஒதுக்கினால் இந்தச் சிக்கல் தீரும். 2019-ல் மானியக் குழு வெளியிட்ட "தீக்ஷாரம்ப்" வழிகாட்டியின் நோக்கமும் ஏறத்தாழ இதுவே. புது மாணவரை நேராகப் பாடத்தில் தள்ளாதே. முதலில் இடத்தையும் ஆட்களையும் பழக்கு என்கிறது அது. சில கல்லூரிகளில் அந்த வாரம் மாலை, பொன்னாடை, பிரமுகர் பேச்சு என்றே கழிந்துவிடுகிறது என்பது வேறு விஷயம். பொன்னாடைக்கு ஆகும் நேரத்தில் நூலக அட்டை வாங்குவது எப்படி என்று சொல்லியிருக்கலாம்.

மனநல ஆலோசனை அறைக்கும் இதே கதிதான். வாசலில் பெரிய எழுத்தில் பலகை மாட்டினால் யார் நுழைவார்கள்? போனில் பேசுவது சுலபம். 2022 அக்டோபரில் தொடங்கிய "டெலி மானஸ்" எண் 14416. இரவு பகல் எந்நேரமும் கூப்பிடலாம். தமிழில் பேசலாம். கட்டணம் கிடையாது.

வீட்டில் கேட்க வேண்டியது

பெற்றோர் கூட்டத்துக்குப் போனால் அன்றையக் கூலி போகும். அதனால் பலர் போவதில்லை. போகிறவர்களிலும் சிலர், பேராசிரியர் ஆங்கிலம் கலந்து பேசுவதைக் கேட்டுத் தலையை ஆட்டிவிட்டு வந்துவிடுகிறார்கள். கேட்பதில் தப்பு ஒன்றும் இல்லை. "என் பெண்ணுக்கு எந்தப் பாடம் கஷ்டம்? அதற்கு யார் சொல்லித்தருவார்கள்? எத்தனை மணிக்கு?" இந்த மூன்றையும் தமிழில் கேட்டால் போதும்.

உதவித்தொகை நாளுக்கு முன்பாக ஒரு வேலை உண்டு. ஆதாரில் உள்ள பெயரும், மார்க் பட்டியலில் உள்ள பெயரும், வங்கிப் புத்தகத்தில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒன்றில் இனிஷியல் முன்னால், இன்னொன்றில் பின்னால் என்று இருந்தால் பணம் வருவது தடைப்படலாம். வங்கிக் கணக்கில் ஆதார் இணைந்திருக்கிறதா என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பிரிட்ஜ் கோர்ஸ் பெரும்பாலும் கல்லூரி திறந்த முதல் சில நாட்களோடு முடிந்துவிடும். கடைசிக் கட்டக் கலந்தாய்வில் இடம் கிடைத்து, ஒரு மாதம் கழித்துச் சேருகிற பிள்ளைகள் உண்டு. பணம் புரட்டத் தாமதமானவர்கள், வேறு படிப்பு கிடைக்கும் என்று காத்திருந்து ஏமாந்தவர்கள். அந்த வகுப்பு மற்றவர்களைவிட இவர்களுக்குத்தான் தேவை. இவர்களுக்காக அதை இரண்டாம் முறை நடத்தப் பல கல்லூரிகளின் அட்டவணையில் இன்னும் இடம் இல்லை.